பொறியில் பூச்சி விழுந்தால் மருந்து தோற்றதாக அர்த்தமில்லை

"மருந்து அடித்த பிறகும் பருத்தியில் இனக்கவர்ச்சிப் பொறி நிறைகிறது, அப்படியானால் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கு எதிர்ப்புத்திறன் வந்துவிட்டது" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படிச் சொல்ல முடியாது. இந்தப் பொறி பெண் பூச்சியின் வாசனையைக் காட்டி இழுப்பது; அதில் விழுவது இந்தப் புழு வளர்ந்து ஆகும் அந்துப்பூச்சியில் ஆண் மட்டும்தான், அதுவும் பக்கத்து வயலிலிருந்தும் பறந்து வரும். புழுவோ முட்டையிலிருந்து வந்த சீக்கிரத்திலேயே காய்க்குள் போய்விடும். அப்புறம் தெளிப்பது அதன் மேல் படுவதே அபூர்வம்.

பொறி சொல்வது எப்போது அடிக்கலாம் என்பதைத்தான்: தொடர்ந்து 3 இரவு, ஒரு பொறிக்கு 8 பூச்சி என்பது வழக்கமான அளவு. (அந்த வாசனை வரும் கவர்ச்சிக் குப்பியை மாற்றாமல் விட்டிருந்தால் அந்த எண்ணிக்கையையும் நம்பாதீர்கள்.)

எதிர்ப்புத்திறனை ஆய்வகத்தில்தான் பார்க்க வேண்டும். வயலில் எடுத்த புழுக்களை வளர்த்து, அவற்றின் குஞ்சுப் புழுக்களுக்கு வெவ்வேறு அளவில் நஞ்சு கலந்த உணவு கொடுத்து, எத்தனை பிழைக்கின்றன என்பதை நஞ்சே படாமல் வளர்ந்த கூட்டத்தோடு ஒப்பிடுவார்கள். குஜராத்தில் எதிர்ப்புத்திறன் வந்ததாக 2010இல் அறிவித்தார்களே, அதற்கும் இப்படிப்பட்ட சோதனைதான் ஆதாரம். ஆனால் அது மரபணு மாற்றப்பட்ட பிடி (Bt) பருத்திச் செடியிலேயே உள்ள, புழுவைக் கொல்லும் கிரை 1 ஏசி (Cry1Ac) புரதத்துக்கு எதிரானது. நீங்கள் தெளித்த மருந்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.