சிஸ்டத்தில் அப்படித்தான் காட்டுது

செயற்கை நுண்ணறிவால் ஜனநாயகத்துக்கு ஆபத்து என்றாலே எல்லோரும் போலி வீடியோவைத்தான் பேசுகிறார்கள். 2024இல் கலைஞரும் ஜெயலலிதாவும் மறுபடி பேசினார்கள். கேட்டோம், ஃபார்வர்டு செய்தோம், ஏற்கெனவே நினைத்து வைத்திருந்தவருக்கே ஓட்டுப் போட்டோம். அது தொல்லைதான், மறுக்கவில்லை. ஆனால் என் பயம் தாலுகா ஆபீஸைப் பற்றியது.

தெலங்கானாவில் 'சமக்ர வேதிகா' என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. பல துறைகளின் பதிவேடுகளைச் சேர்த்து, இந்தப் பெயரும் அந்தப் பெயரும் ஒரே ஆள்தானா என்று கணினி கணிக்கும். ரிக்‌ஷா இழுத்துப் பிழைத்த ஒருவரை, கிட்டத்தட்ட அதே பெயருள்ள ஒரு கார்க்காரரோடு அது சேர்த்துவிட்டது. கார் இருக்கிறது, ரேஷன் கிடையாது. அவர் இறந்துபோனார், மனைவி நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. இருக்கிற காருக்கு ஆர்.சி. புக்கைக் காட்டலாம், இல்லாத காருக்கு எதைக் காட்டுவது?

நேரில் விசாரிக்காமலே கார்டுகளை ரத்து செய்தார்கள் என்று வழக்குப் போய், 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சுமார் 19 லட்சம் கார்டுகளை மறுபடி சரிபார்க்கச் சொன்னது.

அந்த அதிகாரிகளெல்லாம் கல்நெஞ்சக்காரர்கள் என்று நான் நினைக்கவில்லை. கணினி 'தகுதியில்லை' என்ற பிறகு ஒருவர் துணிந்து கார்டு கொடுத்து, நாளைக்கு அது தவறென்று ஆனால் மெமோ அவருக்குத்தான் வரும். கணினி சொன்னபடி மறுத்தால் யாரும் கேட்கப் போவதில்லை. "சிஸ்டத்தில் அப்படித்தான் காட்டுது" என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. அதிகாரியிடம் வாதாடலாம், எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் நிற்கலாம். சிஸ்டத்தை எங்கே போய் மறிப்பது?

ஓட்டு பார்த்துக்கொள்ளும் என்பவர்கள் நெதர்லாந்தைப் பாருங்கள். குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் யார் மோசடி செய்யக்கூடும் என்று வரித்துறையின் மென்பொருள் மதிப்பெண் போட்டது. அந்நாட்டுக் குடியுரிமை இல்லாதவர்களுக்குச் சந்தேகப் புள்ளி கூடியது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கடனில் விழுந்தன. 2021 ஜனவரியில் அரசு பதவி விலகியது. மார்ச்சில் தேர்தல், அதே பிரதமரின் கட்சி மறுபடி முதலிடம்!

நம்மூர் மகளிர் உரிமைத் தொகையிலும் தகவல்களை ஒப்பிட்டுத்தான் விண்ணப்பங்களைத் தள்ளினார்கள். ஆனால் 2023இல் நிராகரிப்புக்கான காரணம் எஸ்.எம்.எஸ்ஸில் வந்தது, 30 நாளில் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்ய முடிந்தது. குறை இருந்திருக்கலாம், ஆனாலும் கேள்வி கேட்க ஒரு ஆள் இருந்தார். பாதிக்கப்பட்டவருக்குக் காரணம் சொல்ல வேண்டும் என்று தகவல் உரிமைச் சட்டத்தின் 4(1)(d) பிரிவு 2005 முதலே சொல்கிறது. 'கணினி சொன்னது' என்பதைக் காரணமாக எந்த ஆபீஸும் எழுதக் கூடாது என்று ஒரு அரசாணை போட்டாலே பாதிக் கவலை தீரும்.

அரசு எந்த மென்பொருளை வேண்டுமானாலும் வாங்கட்டும். மேல்முறையீட்டு மனுவையும் அதனிடமே கொடுத்துவிடாமல் கோட்டாட்சியர் உட்கார்ந்து படிக்கிறவரை எனக்கு ஆட்சேபணை இல்லை.