முதியோர் கல்வி மையத்தை மூடுறது யாரு?

ஒரு ஊர்ல முதியோர் கல்வி மையம் நின்னு போச்சுன்னா அதுக்கு ஒரு பதில் ரெடியா வச்சிருப்பாங்க, "ஜனங்களுக்கு ஆர்வம் இல்ல சார், கூப்பிட்டாலும் வர மாட்டேங்குறாங்க". இதைக் கேட்டாலே எனக்கு பத்திக்கிட்டு வரும். விடியக்காலம் எந்திரிச்சு சோறாக்கி வச்சு, நாத்து நடப் போயிட்டு, சாயங்காலம் வந்து தண்ணி புடிச்சு, புள்ளைகளுக்கு போட்டுட்டு ராத்திரி எட்டு மணிக்கு சிலேட்டோட வந்து உக்காந்த பொம்பளைங்கள நான் பாத்திருக்கேன். ஆர்வம் இல்லாமயா வந்தாங்க?

90கள் ஆரம்பத்துல எங்க புதுக்கோட்டைல, பெரியவங்களுக்கு எழுதப் படிக்க சொல்லித் தந்த அறிவொளி இயக்கம் எப்படி நடந்துச்சுன்னு அந்த வயசுக்காரங்களுக்கு தெரியும். ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். தெரு நாடகம், கும்மி, பாட்டுன்னு ஊரே திருவிழா மாதிரி கிடந்துச்சு, தமிழ்நாடு அறிவியல் இயக்கத்து ஆளுங்க, வாத்தியாருங்க, காலேஜ் பசங்கன்னு எல்லாரும் தொண்டர்தான். கல்குவாரில வேலை பாத்த பெண்கள் எல்லாம் எழுத்தோட சேத்து சைக்கிளும் கத்துக்கிட்டாங்க, ஆயிரக்கணக்குல. (அப்ப கிண்டல் பண்ண ஆம்பளைங்க லிஸ்ட் தனியா இருக்கு, அது இப்ப வேணாம்.) படிப்பு அவங்க பொழப்போட ஒட்டி இருந்துச்சு, கூலி கணக்கு பாக்கணும், பஸ் போர்டு படிக்கணும், அதனால வந்தாங்க.

அப்புறம் என்ன ஆச்சுன்னா, மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றாச்சுன்னு அறிவிச்சாங்க. அதோட கலெக்டர் மாறினாங்க, கூட்டம் கலைஞ்சுது. அப்புறம் எழுத்து கத்துக்கிட்டவங்க மறந்துடாம இருக்க வளர்கல்வி மையம்னு வந்துச்சு, 2009ல அதை நிறுத்திட்டு சாக்ஷர் பாரத்னு மத்திய அரசோட எழுத்தறிவுத் திட்டம், அதுவும் பெண்கள் எழுத்தறிவு குறைஞ்ச மாவட்டங்களுக்குத்தான், மத்த இடத்துல பூட்டு. அதுல மையத்த நடத்த பஞ்சாயத்துக்கு ரெண்டு ஊக்குநர், ஒருத்தருக்கு மாசம் 2000 ரூவா, அந்த ரெண்டாயிரமும் பல மாநிலத்துல மாசக்கணக்கா பாக்கி. 2018 மார்ச்சோட அந்த திட்டமும் முடிஞ்சுது. 2020ல கற்போம் எழுதுவோம், 2022ல இருந்து புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம், இதுல சொல்லித் தர்றவங்களுக்கு சம்பளமே கிடையாது, தன்னார்வலராம்!

இதுல கூத்து என்னன்னா முக்கால்வாசி திட்டம் "அ"னாவுல இருந்துதான் ஆரம்பிக்குது. போன திட்டத்துல பாதி படிச்ச அதே அப்பத்தா, நாலு வருசம் புத்தகத்தையே தொடாம எல்லாம் மறந்து போய், புது திட்டத்துல புது ஆளா பேர் குடுக்குது. ரெண்டு தடவையும் கணக்குல ஒவ்வொரு ஆள் ஏறுது. எழுத்து கூட்டத் தெரிஞ்சவங்களுக்கு அடுத்து படிக்க பெரிய எழுத்துல ஒரு பேப்பரோ புத்தகமோ, உக்கார ஒரு இடமோ குடுக்க மட்டும் எந்த திட்டத்துலயும் காசு நிலைச்சு நிக்காது, ஏன்னா அதுக்கு டார்கெட் போட முடியாது, சர்டிபிகேட் குடுத்து போட்டோ எடுக்க முடியாது.

விளைவு என்னன்னு எங்க பக்கத்து வீட்டு அக்காவ பாத்தா தெரியும். கையெழுத்து அழகா போடும், நூறு நாள் வேலை வருகைப் பதிவுலயும் போடும், மகளிர் குழு நோட்டுலயும் போடும். ஆனா பேங்க்ல பணம் எடுக்குற ஸ்லிப்ப இன்னமும் பக்கத்துல நிக்கிறவங்க கிட்டதான் நீட்டுது. போன வருசம் ஒரு மைக்ரோ பைனான்ஸ் ஆளு வந்து ஏழெட்டு பக்கத்துல கையெழுத்து வாங்கிட்டு போனான், வட்டி எவ்வளவுன்னு அதுக்கு தெரியாது. ரேகை வச்ச காலத்துலயாவது யாராவது படிச்சு காட்டணும்னு தோணும், இப்ப கையெழுத்து போடுதேன்னு ஒருத்தனும் படிச்சு காட்டுறதில்ல.

2011 கணக்குல தமிழ்நாடு 80 சதவீதம் எழுத்தறிவு, பெருமைதான், அதுக்குள்ள இந்த அக்காவும் ஒரு ஆள்தான்.

என்னைக் கேட்டா, தனி திட்டமே வேணாம்ங்க. ஊர் நூலகம் சாயங்காலம் ஏழுல இருந்து ஒன்பது வரைக்கும் திறந்திருக்கணும், அதே ஊர்ல பத்தாவது பன்னெண்டாவது முடிச்சிட்டு வீட்ல இருக்குற ஒரு பொண்ணுக்கு ஒழுங்கா மாசம் பொறந்தா சம்பளம், வருசா வருசம், முடிவு தேதி இல்லாம. இப்ப நடக்குற திட்டம் 2027ல முடியுது. அடுத்து என்னன்னு உங்க ஊர் கிராம சபைல இப்பவே ஒரு தீர்மானமா எழுதி வைங்க, எங்க ஊர்ல நான் எழுதி குடுக்கப் போறேன்.