ஏர் பிரான்ஸ் 447: ஆட்டோபைலட் மீது சுமத்தப்படும் பழி

2009 ஜூன் 1 அன்று, ரியோவிலிருந்து பாரிஸ் சென்றுகொண்டிருந்த ஏர்பஸ் ஏ330 விமானத்தை, அதைத் தானாக ஓட்டும் கருவியான ஆட்டோபைலட்தான் கடலில் வீழ்த்தியது என்று சொல்லப்படுவது தவறு. வேகத்தை அளக்கும் பிட்டோ குழாய்களைப் பனிப்படிகங்கள் அடைத்ததால் அளவுகள் முரண்பட்டன; உடனே ஆட்டோபைலட், வடிவமைக்கப்பட்டபடியே, விலகிக்கொண்டு கட்டுப்பாட்டை விமானிகளிடம் ஒப்படைத்தது. வேக அளவுகள் ஒரு நிமிடத்திற்குள் சீராகிவிட்டன. ஆனால் அதற்குள் விமானி மூக்கை மேலே தூக்கியிருந்ததால், 35,000 அடியில் பறந்த விமானம் ஏறத்தாழ 38,000 அடிக்கு ஏறி, இறக்கைகள் தாங்குவிசையை இழக்கும் ஸ்டால் நிலையில் சிக்கியது. அப்போது மூக்கைத் தாழ்த்துவதே வழி. கொடுமை என்னவென்றால், அளவிடப்பட்ட வேகம் 60 நாட் (knot; மணிக்குச் சுமார் 110 கி.மீ.) என்ற அளவுக்கும் கீழே போனபோது ஸ்டால் எச்சரிக்கை நின்றுவிட்டது. மூக்கைச் சற்றே தாழ்த்தியதும் மீண்டும் ஒலித்தது. சரியானதைச் செய்தபோது எச்சரிக்கை வந்தால், இருட்டில், குழப்பத்தில் இருக்கும் ஒருவர் எதை நம்புவார்?

அதற்காக 'இக்கால விமானிகளுக்கு ஓட்டவே தெரியாது' என்ற வாதத்தையும் ஏற்க முடியாது. வேக அளவு நம்ப முடியாமல் போகும்போது அவ்வளவு உயரத்தில் கையால் ஓட்டும் பயிற்சியே அவர்களுக்கு அளிக்கப்படவில்லை என்று பிரெஞ்சு விபத்து விசாரணை அமைப்பு 2012 அறிக்கையில் தெளிவாகக் கூறியது. பயணிகளும் பணியாளர்களுமாக 228 பேர் இறந்த விபத்து இது. பழியை இயந்திரத்தின் மீதோ மூன்று விமானிகள் மீதோ மட்டும் போட்டுவிட்டால் பயிற்சி பற்றிய கேள்வி மறைந்துவிடும்.