கொலுப்படிக்கு எத்தனை லிட்டர்?

கும்பகோணத்தில் ஒரு பழைய ஓட்டு வீடு. கிருஷ்ணமூர்த்தி, கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். சதாசிவம் அவருடைய மகளின் மாமனார். கார் வாங்க யோசனை சொல்வதற்காகத் தாம்பரத்திலிருந்து வந்திருக்கிறார். சம்பந்திகள் மனத்தாங்கலைக்கூட இலக்கணப் பிழையில்லாமல்தான் வெளிப்படுத்துவார்கள் என்பதால், இவர்கள் பேசியதைத் திருத்தாமல் அப்படியே எழுதுவதில் எனக்குச் சிரமம் இருக்கவில்லை.

கிருஷ்ணமூர்த்தி: வாருங்கள் சம்பந்தி. இந்த அறைக்கு ஒற்றைக் கதவு, அகலம் இரண்டே அடி. பக்கவாட்டில் திரும்பி, மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நுழைந்தால் எளிதாக வந்துவிடலாம்.

சதாசிவம்: வந்துவிட்டேன். சட்டைப் பொத்தான் ஒன்று மட்டும் நிலையிலேயே தங்கிவிட்டது. இந்தத் தீபாவளிக்குப் பிறகு நான் எப்படியும் உடம்பைக் குறைத்துவிடப் போகிறேன்.

கிருஷ்ணமூர்த்தி: பாருங்கள், இதுதான் எங்கள் அம்மாவின் கொலுப்படி. 1964-இல் தேக்குப் பலகைகளை வாங்கி இறக்கி, ஆசாரியை இந்த அறையிலேயே பதினொரு நாள் உட்காரவைத்து, வேளாவேளைக்கு மோரும் காப்பியும் கொடுத்து அம்மா செய்வித்தது. ஓர் இரும்பாணி கிடையாது. எல்லாம் மரமுளையும் வச்சிரப் பசையும்தான்.

சதாசிவம்: அருமையான வேலை. கழற்றிப் பூட்டலாமா?

கிருஷ்ணமூர்த்தி: இதுவும் சம்பந்தி உறவு மாதிரிதான். ஒருமுறை பொருத்திவிட்டால் பிறகு கழற்ற முடியாது.

சதாசிவம்: அந்த வாக்கியத்தை நான் பாராட்டாகவே எடுத்துக்கொள்கிறேன்.

கிருஷ்ணமூர்த்தி: கீழே உட்கார்ந்து பொம்மை அடுக்க எனக்கும் முழங்கால் இடம் கொடுக்கவில்லை, உங்கள் சம்பந்தியம்மாளுக்கும் இடம் கொடுக்கவில்லை. இந்த நவராத்திரிக்குப் படியைத் தாம்பரத்தில் பெண்ணிடம் ஒப்படைத்துவிடுவது என்று தீர்மானித்திருக்கிறேன். எப்படியும் கார் வாங்கத்தான் போகிறேன். அதைப் படி ஏறுகிற காராகப் பார்த்து வாங்கிவிட்டால் நல்லதல்லவா?

சதாசிவம்: குறுக்கே பேசுவதற்கு மன்னிக்க வேண்டும். ஒரு நாளைக்குக் குட்டி யானை சரக்கு வண்டி ஒன்றை வாடகைக்குப் பேசினால் இந்த வேலை சில ஆயிரத்தில் முடிந்துவிடாதா?

கிருஷ்ணமூர்த்தி: முதல் நாள் சிமெண்டு மூட்டை ஏற்றி, மறுநாள் வாழைத்தார் ஏற்றிய வண்டியில் எங்கள் அம்மாவின் கொலுப்படியா? ஓட்டுநரின் உதவியாள் அதன்மேல் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு விக்கிரவாண்டி வரையில் வருவார். வேண்டாம் சம்பந்தி.

சதாசிவம்: சரி, காரைப் பற்றியே பேசுவோம். நான் ஒரு நோட்டில் எல்லாவற்றையும் குறித்து வந்திருக்கிறேன். டிக்கியின் கொள்ளளவு பிரெஸ்ஸாவுக்கு 328 லிட்டர், நெக்ஸானுக்கு 382, கிரெட்டாவுக்கு 433, எலிவேட்டுக்கு 458, ஹெக்டருக்கு 587. இனி உங்கள் படிக்கு வருவோம். உயரம் இரண்டேகால் அடி, ஆழம் மூன்றேகால் அடி, அகலம் மூன்றடி. பெருக்கினால் 621 லிட்டர் வருகிறது. ஆனால் படி என்பது பெட்டியைப் போல முழுக்க அடைத்த பொருளன்று. ஐந்து படி உள்ள அமைப்பு, தன்னைச் சுற்றி வரைந்த பெட்டியில் 60 விழுக்காட்டைத்தான் நிரப்பும். ஆகவே, சில்லறையை விட்டுவிட்டால், உங்கள் கொலுப்படி 372 லிட்டர். கிரெட்டாவில் ஏற்றிய பிறகும் 61 லிட்டர் மிச்சம் இருக்கிறது. பொம்மைப் பெட்டியையும் நேற்றே அளந்து பார்த்துவிட்டேன். அந்த 61 லிட்டரில் அது கச்சிதமாக அடங்கிவிடும்.

கிருஷ்ணமூர்த்தி: கணக்கு மிகவும் அழகாக இருக்கிறது. ஆனால் அது சரியாக வர வேண்டுமானால், படியை முதலில் ரம்பம் போட்டு அறுத்துத் தூளாக்கி, டிக்கியில் கொட்டித் தட்டிவிட வேண்டியிருக்கும். எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்று நானும் பள்ளிக்கூடத்தில் படித்தவன்தான். நெல்லை லிட்டரில் அளக்கலாம். நெல்லுக்கு மூலை கிடையாது. நீங்கள் படியைப் படித்துக் கணக்குப் போடுகிறீர்கள், நான் படியைத் தூக்கி ஏற்ற வேண்டியவன்.

சதாசிவம்: கம்பெனிக்காரர்கள் மட்டும் தண்ணீரை ஊற்றியா அளக்கிறார்கள்? ஜெர்மனியின் வாகனத் தொழில் சங்கம் வகுத்த ஒரு முறை இருக்கிறது. 20 சென்டிமீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் அகலம், 5 சென்டிமீட்டர் உயரம் உள்ள கட்டைகளை டிக்கிக்குள் ஒவ்வொன்றாக அடுக்குவார்கள். ஒரு கட்டை சரியாக ஒரு லிட்டர். மூலைமுடுக்கில் எத்தனை கட்டை நுழைகிறதோ அத்தனை லிட்டர் என்று எழுதிவிடுவார்கள்.

கிருஷ்ணமூர்த்தி: தட்டைச் செங்கல்லை அடுக்கிப் பார்த்துவிட்டு, இதில் தேக்குப் படி ஏறும் என்று சொன்னால் எப்படி நம்புவது? செங்கல் சந்தில் நுழையும், படி நுழையாது. அதிலும், அந்தக் கட்டையைச் சன்னலின் விளிம்பு வரைக்கும் அடுக்கினார்களா, கூரை வரைக்கும் அடுக்கினார்களா என்று விளம்பரச் சிற்றேட்டில் யாரும் போடுவதில்லை. ஒருவர் இடுப்பளவுக்கும் இன்னொருவர் கழுத்தளவுக்கும் அடுக்கிவிட்டு, இரண்டு எண்ணையும் ஒரே பத்தியில் எழுதி வைத்தால், ஒப்பிட்டுப் பார்ப்பவன் ஏமாந்துதான் போவான்.

சதாசிவம்: ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் நேற்று உங்களோடு விற்பனைக்கூடத்துக்கு வந்தேன். ஆனால் நீங்கள் அட்டைப்பெட்டிகளை வெட்டி ஒட்டி, கொலுப்படியின் அளவிலேயே ஒரு மாதிரி செய்து, கூடத்திலிருந்து அப்படியே தலைக்குமேல் தூக்கி வருவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. காவலாளி நம்மை ஏதோ ஊர்வலத்தின் முன்வரிசை என்று நினைத்து ஒதுங்கி நின்றார்.

கிருஷ்ணமூர்த்தி: மாதிரி இருந்ததால்தானே உண்மை தெரிந்தது? முதலில் காட்டிய வண்டியில் டிக்கிக் கதவைத் திறந்தபோது உள்ளே பிள்ளையார் சதுர்த்திப் பந்தலே போடலாம் போலிருந்தது. அளவுநாடாவைப் பிடித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் சக்கரத்தின் வளைவு உள்ளே வந்து, அரை அடி அரை அடியாகத் தின்றுவிட்டிருந்தது. வாய் அகலம், தொண்டை குறுகல். மேடைப் பேச்சாளர்களிடமும் நான் இந்தக் குறையைப் பார்த்திருக்கிறேன்.

சதாசிவம்: இரண்டாவது வண்டியின் கதைக்கு என்ன சொல்வீர்கள்? சிஎன்ஜி எரிவாயு என்றால் செலவு குறையுமே என்று நான்தான் அதைக் காட்டச் சொன்னேன்.

கிருஷ்ணமூர்த்தி: டிக்கியைத் திறந்தால் சிலிண்டர் நம்மை வரவேற்கிறது. நாம் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு வர வேண்டியதுதான்.

சதாசிவம்: எல்லா வண்டியிலும் அப்படி இல்லை. டாடாக்காரர்கள் ஒரு பெரிய சிலிண்டருக்குப் பதிலாக இரண்டு சிறிய சிலிண்டர்களைத் தரைக்கு அடியில் படுக்கவைத்து, மேலே இடத்தை மீட்டுக்கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அடியில் சிலிண்டர் வந்தால் ஸ்டெப்னி தன் இடத்தை இழக்கும். பெட்ரோலும் மின்சாரமும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிடு வண்டிகளிலும் இதே கதைதான்; கிராண்ட் விட்டாராவில் பெரிய பேட்டரி உள்ள வகையை எடுத்தால், அந்தப் பேட்டரி டிக்கித் தரையின் அடியில் உட்கார்ந்துகொண்டு கொள்ளளவில் கணிசமான பங்கைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது. எரிபொருளில் மிச்சம் பிடித்ததை இடத்தில் கொடுக்கிறோம்.

கிருஷ்ணமூர்த்தி: இதற்குத்தான் சின்ன எஸ்யூவியே வேண்டாம் என்கிறேன். அவற்றின் நீளத்தைப் பார்த்தீர்களா? பிரெஸ்ஸா 3995 மில்லிமீட்டர், நெக்ஸானும் அதே 3995. இருவரும் கலந்து பேசிக்கொண்டதுபோல இருக்கிறது.

சதாசிவம்: பேசியது வரி, சம்பந்தி. நான்கு மீட்டருக்குள் நீளமும், பெட்ரோல் என்றால் 1200 சிசிக்குள்ளும் டீசல் என்றால் 1500 சிசிக்குள்ளும் எஞ்சினும் இருந்தால், 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 18 விழுக்காடு. அந்தக் கோட்டைத் தாண்டினால் 40 விழுக்காடு. இதற்கு முன்பும் நான்கு மீட்டருக்கு ஒரு நியாயம், அதைத் தாண்டினால் வேறு நியாயம் என்றுதான் இருந்தது. எஞ்சினைச் சுருக்க முடியாது, ஓட்டுநரின் காலைச் சுருக்க முடியாது. கடைசியில் எல்லோருமாகச் சேர்ந்து சுருக்குவது பாவம் அந்த டிக்கியைத்தான்.

கிருஷ்ணமூர்த்தி: அப்படியானால் என் அம்மாவின் கொலுப்படிக்கும் டெல்லியில் போடும் வரிக்கும் தொடர்பு இருக்கிறது என்கிறீர்கள். இது தெரிந்திருந்தால் அவள் நான்கு படியோடு நிறுத்திக்கொண்டிருப்பாள்.

சதாசிவம்: கொலுப்படி ஒற்றைப்படையில்தான் இருக்க வேண்டும், மூன்றோடு நிறுத்தியிருப்பார்கள். ஒரு நடைமுறை யோசனை சொல்லட்டுமா? எர்டிகா. மூன்று வரிசை இருக்கையும் நிமிர்ந்திருந்தால் டிக்கி 209 லிட்டர். கடைசி வரிசையை மடித்துவிட்டால் 550. தரையும் தாழ்வாக இருப்பதால் பாரத்தை இடுப்புக்கு மேலே தூக்க வேண்டியதில்லை.

கிருஷ்ணமூர்த்தி: அது எஸ்யூவி இல்லையே.

சதாசிவம்: இல்லைதான். ஆனால் உங்களுக்கு வேண்டியது இடமா, பெயரா?

கிருஷ்ணமூர்த்தி: இடம்தான் வேண்டும். ஆனால் அந்த இடம் கொஞ்சம் உயரமாக, முன்புறம் முரட்டுத்தனமாக, தெருவில் நிறுத்தினால் எதிர்வீட்டுக்காரர் செய்தித்தாளை மடக்கிவிட்டுப் பார்க்கும்படியாக இருக்க வேண்டும்.

சதாசிவம்: புரிந்தது. எதிர்வீட்டுக்காரரை எத்தனை லிட்டரில் சேர்ப்பது என்றுதான் தெரியவில்லை. சரி, நேற்று கடைசியாகப் பார்த்த அந்த வெள்ளை கிரெட்டாவுக்கு வருவோம். உங்கள் அட்டைப்படி அதில் ஏறியது, உண்மை. ஆனால் எப்படி ஏறியது? பின்னிருக்கையை 60-க்கு 40 என்று பிரித்து மடிக்கலாம் என்று அந்தப் பையன் பெருமையாகச் சொன்னான். நாமோ அறுபதையும் மடித்தோம், நாற்பதையும் மடித்தோம். மடித்த இருக்கை டிக்கித் தரையோடு சமமாகப் படியாமல் ஒரு மேடு நின்றதால், படி மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. அடியில் ஒரு மெத்தை விரிக்க வேண்டும்.

கிருஷ்ணமூர்த்தி: மெத்தைக்கும் லிட்டர் உண்டோ?

சதாசிவம்: மெத்தை இருக்கட்டும். முன்னால் நீங்களும் நானும் அமர்ந்துவிட்டால், நம் இருவருடைய மனைவிமாரும் எங்கே அமர்வார்கள்?

கிருஷ்ணமூர்த்தி: படியிலேயே அமரலாம். உங்கள் இல்லத்தரசி மூன்றாம் படியில், என் இல்லத்தரசி நான்காம் படியில்.

சதாசிவம்: இருவரையும் மரப்பாச்சி என்று நினைத்துவிட்டீர்களா? இதைச் சமையலறைக்குக் கேட்கும்படி இன்னொரு முறை சொல்லும் துணிச்சல் உங்களுக்கு இருக்கிறதா?

கிருஷ்ணமூர்த்தி: இல்லை. அவர்கள் ரயிலில் வரட்டும். அல்லது படியைக் கூரைமேல் கட்டிவிட்டு நால்வரும் உள்ளே அமரலாம். மேலேதான் இரண்டு கம்பி ஓடுகிறதே.

சதாசிவம்: அந்தக் கம்பி எத்தனை கிலோ தாங்கும் என்று வண்டியின் கையேட்டைப் பார்க்காமல் ஒரு தலையணையைக்கூட மேலே வைக்கக் கூடாது. புரட்டாசி மழையில் தேக்கு நனையும். டிக்கியைத் திறந்து வைத்துக் கயிற்றால் கட்டிக்கொண்டு போகலாம் என்றும் நினைத்துவிடாதீர்கள். அனுமதித்த அளவுக்கு மீறிப் பாரம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 194(1ஏ) பிரிவில் 20,000 ரூபாய் அபராதம். இறக்கிவைக்கும் கூலியும் நம் தலையில்தான். போதாக்குறைக்கு, திண்டிவனம் பக்கம் ஒரு மாடு குறுக்கே வந்து நீங்கள் பிரேக்கை அழுத்தினால், வண்டி நிற்கும், படி நிற்காது. உள்ளே இருக்கும் கொக்கிகளில் பட்டை போட்டு இறுக்கித்தான் கட்ட வேண்டும்.

கிருஷ்ணமூர்த்தி: எல்லாம் ஒத்துக்கொண்டேன். வண்டி கிரெட்டா, மடிப்பது முழு இருக்கை, அடியில் மெத்தை, நான்கு பட்டை, பெண்கள் ரயில். நேற்று நீங்கள் கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டியதும் நான் முன்பணம் கட்டியதும் வீணாகவில்லை. இனி எடையை மட்டும் பார்த்துவிடலாம். நீங்கள் அந்த முனையைப் பிடியுங்கள். கூடம் வரைக்கும் தூக்கிப் போவோம்.

சதாசிவம்: பிடித்துவிட்டேன். மெதுவாக. இன்னும் கொஞ்சம். நிறுத்துங்கள்.

கிருஷ்ணமூர்த்தி: ஏன் நின்றுவிட்டீர்கள்?

சதாசிவம்: நான் நிற்கவில்லை, படி நிற்கிறது. நிலையில் இடிக்கிறது.

கிருஷ்ணமூர்த்தி: சாய்த்துப் பிடியுங்கள்.

சதாசிவம்: சாய்த்தேன்.

கிருஷ்ணமூர்த்தி: ஒருக்களித்து, முதல் படியை முன்னால் விட்டு, கொஞ்சம் மேலே ஏந்தி.

சதாசிவம்: ஏந்தினேன். சம்பந்தி, இறக்கிவிட்டு நாடாவைக் கொடுங்கள். படியை எந்தப் பக்கம் திருப்பினாலும் மிகக் குறுகலான அளவு இருபத்தாறரை அங்குலம். கதவு இருபத்து நான்கு.

கிருஷ்ணமூர்த்தி: அது எப்படி முடியும்? உள்ளே வந்த பொருள் வெளியே போகத்தானே வேண்டும்?

சதாசிவம்: உள்ளே வந்தது இந்தப் படியா?

கிருஷ்ணமூர்த்தி: இல்லை. பலகை வந்தது. ஆசாரி வந்தார். மோர் வந்தது.

சதாசிவம்: நிலையைப் பெயர்த்துவிட்டால்?

கிருஷ்ணமூர்த்தி: மேற்சுவர் நிலையின்மேல்தான் நிற்கிறது, சுவரின்மேல் ஓடு நிற்கிறது. முன்பணம் எவ்வளவு கட்டினோம்?

சதாசிவம்: பதினோராயிரம். திரும்பக் கிடைக்காது என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தது. நான்தான் உங்களுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன்.

கிருஷ்ணமூர்த்தி: சரி, வண்டி வரட்டும். பொம்மைகளை மட்டும் ஏற்றிக்கொண்டு போவோம். அவற்றுக்கு எவ்வளவு இடம் வேண்டியிருக்கும்?

சதாசிவம்: 61 லிட்டர், சம்பந்தி. அந்தக் கணக்கு மட்டும் சரியாகத்தான் இருந்தது.