முட்டு வருத்தத்துக்கு மோர்பின் எழுதிக் கொடுத்தால் பயந்துவிடாதீர்கள்

"மோர்பினா? அப்ப இனி அவ்வளவுதானா டொக்டர்?"

தோட்டத்துக் குடும்பங்களிடம், மூச்சு முட்டுகிறவருக்காக இந்தக் கடும் நோவு மருந்தின் பெயரைச் சொன்னால் முதலில் வருவது இந்தக் கேள்விதான். புற்றுநோய்க்காரருக்குக் கடைசி நாளில் கொடுப்பது என்றே மனதில் பதிந்துவிட்டது. அதனால் மருந்தை வாங்கி வந்து, ஒரு சொட்டும் கொடுக்காமல் அலுமாரியில் வைத்துவிடுகிறவர்களும் உண்டு. இன்னொரு பக்கம், தேத்தண்ணிக் கரண்டியால் ஊற்றிக் கொடுப்பவர்களும் உண்டு. பயப்பட வேண்டியது அந்தக் கரண்டிக்குத்தான். மருந்துக்கு அல்ல.

மலையகத்தில் நுரையீரல் கெடுவது பீடி, சுருட்டால் மட்டுமில்லை. புகைபோக்கி இல்லாத காம்பராவில் ஈர மிலாறை (கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சியை) வைத்து ஊதி ஊதி அடுப்பெரித்த பெண்களுக்கும் சீ.ஓ.பி.டி. என்கிற நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் வருகிறது. பழைய காசநோய் விட்டுப்போன தழும்போடு இருப்பவர்களும் இருக்கிறார்கள். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. நல்ல நுரையீரல் அதைச் சமாளித்துவிடும். கெட்ட நுரையீரலோடு குழாயடியிலிருந்து வாளி தூக்கிப் படி ஏறுகிறவருக்கு நாலாவது படியிலேயே தெரிந்துவிடும். நின்று, முழங்காலில் கை ஊன்றி, கழுத்து நரம்பு புடைக்க, பேச வாய் வராமல் கையை மட்டும் ஆட்டுவார். "கொஞ்சம் இரு" என்று அர்த்தம்.

பம்ப், மாத்திரை எல்லாம் ஒழுங்காக எடுத்தும் இந்தத் தவிப்பு அடங்காதவர்களுக்குத்தான் குறைந்த அளவு மோர்பின். அது மூச்சுக்குழாயை விரிக்காது, சளியைக் கரைக்காது, நுரையீரலைத் திருத்தாது. "காற்றுப் போதவில்லை" என்று மூளை அடிக்கிற மணியின் சத்தத்தைக் கொஞ்சம் தாழ்த்தும். அவ்வளவுதான் அதன் வேலை.

எல்லாருக்கும் அது வேலை செய்யும் என்று நான் சொல்ல மாட்டேன். 2003இல் அவுஸ்திரேலியாவில் 48 பேருக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த ஆய்வில், நோயாளியே தன் தவிப்பைக் குறித்துக் காட்டும் 100 மில்லிமீட்டர் அளவுகோலில் அது காலையில் 6.6, மாலையில் 9.5 மில்லிமீட்டர் குறைந்தது. சிறிய மாற்றம்தான். 2022இல் அதே நாட்டில் சீ.ஓ.பி.டி. நோயாளிகளுக்கு 8, 16 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்ததில், ஒரு வாரத்தின் பின் வெற்று மாத்திரைக்கும் அதற்கும் சொல்லத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே இது எல்லாருக்கும் எழுதித் தள்ளுகிற மருந்தல்ல, ஒரு வாரம் இரண்டு வாரம் கொடுத்துப் பார்க்கிற பரீட்சை. தவிப்பு பத்துக்கு எத்தனை என்று ஆரம்பிக்கும் முன்பே கேட்டு எழுதி வையுங்கள். குழாயடிவரை போக எத்தனை தடவை நிற்கிறார், இரவில் எத்தனை தடவை எழும்பி உட்காருகிறார் என்பதையும் குறியுங்கள். இரண்டு வாரத்தில் ஒன்றும் மாறவில்லை என்றால் டொக்டரிடம் சொல்லி நிறுத்திவிடலாம். பலனில்லாத மோர்பினைத் தொடர்வதும் தவறுதான்.

மோர்பினுக்கு முன்னால் பார்க்க வேண்டியவை இருக்கின்றன. பம்பை வாயில் அடித்து நாக்கிலேயே மருந்தை விடுகிறவர்கள் ஏராளம். பம்பில் மாட்டுகிற ஸ்பேசர் என்ற குழாயைப் போட்டாலே பாதித் தொல்லை தீருகிறவர்கள் உண்டு. இரத்தச்சோகை, இதயம் பலவீனமாவது, திரும்பி வந்த காசநோய் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும். முகத்துக்கு நேரே, மூக்கிலும் கன்னத்திலும் காற்றுப் படும்படி விசிறுவது உண்மையாகவே தவிப்பைக் குறைக்கும். பனையோலை விசிறியும் போதும், பற்றரியில் ஓடும் சின்ன ஃபேனும் போதும். ஒக்சிஜன் கேட்டு அடம்பிடிக்கிற குடும்பங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: இரத்தத்தில் ஒக்சிஜன் குறையாதவருக்குச் சிலிண்டர் பெரிதாக உதவாது.

இனி அளவு. வயதானவருக்கு ஒரு தடவைக்கு 1 முதல் 2.5 மில்லிகிராம், டொக்டர் சொல்லும் இடைவெளியில். அங்கிருந்து மெல்ல, வாரக்கணக்கில் ஏற்ற வேண்டும். நாளொன்றுக்கு மொத்தம் 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அந்த 30 சும்மா வந்த கணக்கல்ல. வீட்டில் ஒக்சிஜன் எடுத்த 2,249 சீ.ஓ.பி.டி. நோயாளிகளை வைத்து சுவீடனில் செய்து 2014இல் வெளியான ஆய்வில், 30 மில்லிகிராம்வரை எடுத்தவர்களிடம் மரணம் கூடியதாகத் தெரியவில்லை. அதற்கு மேல் போனவர்களிடம் கூடியிருந்தது.

திரவமாகக் கொடுத்தால் போத்தலில் 5 மில்லிலீட்டருக்கு 10 மில்லிகிராம் என்று இருக்கும். அப்படியானால் 1 மில்லிலீட்டரில் 2 மில்லிகிராம். ஒரு தேக்கரண்டி ஊற்றினால் 10 மில்லிகிராம் உள்ளே போய்விடும், அதாவது வேண்டியதைப் போல குறைந்தது நாலு மடங்கு. ஊசி கழற்றிய 2 மில்லிலீட்டர் சிரிஞ்ச் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். 2.5 மில்லிகிராம் என்றால் 1.25 மில்லிலீட்டர், 1.2க்கும் 1.3க்கும் நடுவில் கோடு தேட வேண்டும். கண் மங்கிய அப்பாயி தானே அளந்து எடுப்பதென்றால், நேராக 1 கோட்டில் நிறுத்துகிற மாதிரி 2 மில்லிகிராம் எழுதித் தரச் சொல்லுங்கள். செறிவு கூடிய திரவமும் உண்டு, 1 மில்லிலீட்டரிலேயே 20 மில்லிகிராம். போத்தல் மாறினால் கணக்கு பத்து மடங்கு மாறும். ஒவ்வொரு தடவையும் லேபலைப் பாருங்கள். மாத்திரையாக இருந்து, அது மெதுவாகக் கரைகிற வகையென்றால் உடைக்கவோ இடிக்கவோ கூடாது. பன்னிரண்டு மணித்தியால மருந்து ஒரே மூச்சில் உடம்பில் இறங்கிவிடும்.

மோர்பினை நிறுத்த வைப்பது பெரும்பாலும் மலச்சிக்கல். முக்கும்போது மூச்சு இன்னும் முட்டும், "இந்த மருந்தே வேண்டாம்" என்பார்கள். வாந்தி வருவதுபோல இருப்பதும் தூக்கக் கலக்கமும் சில நாளில் அடங்கும், மலச்சிக்கல் அடங்காது. அதனால் சென்னா அல்லது பிசாகோடில் என்ற மலமிளக்கி முதல் நாளே, மோர்பினோடு சேர்த்து. மூன்று நாள் பார்த்துவிட்டுக் கொடுக்கலாம் என்பது பிழை. குளிருக்குத் தண்ணீர் குடிக்காமல் இருக்கிற பழக்கம் நம் பக்கத்தில் அதிகம். வெந்நீராவது குடிக்க வையுங்கள்.

சிறுநீரகம் பழுதானவருக்கு மோர்பினின் கழிவு உடம்பில் தேங்கும். கைகால் வெடுக்கு வெடுக்கென்று இழுக்கும், பேச்சு குழம்பும். அதனால் தொடங்குவதற்கு முன், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியற்றினின் இரத்தப் பரிசோதனை பார்த்திருக்க வேண்டும். காலையில் தலைவலியோடு மந்தமாக எழும்புகிறவருக்குக் கரியமில வாயு தேங்கியிருக்கலாம், அதையும் டொக்டரிடம் சொல்லுங்கள். சாராயம், கசிப்பு, தூக்க மாத்திரை இவற்றோடு மோர்பின் கூடவே கூடாது. தடிமனுக்கு எடுக்கிற பிரிட்டோன் (Piriton) மாத்திரைகூடத் தூக்கத்தைக் கூட்டும். முதல் வாரம் இரவில் கக்கூசுக்குத் தனியே விடாதீர்கள். லயத்துப் படிகள் ஈரமாகத்தான் இருக்கும். தட்டி எழுப்பியும் எழும்பாவிட்டால், மூச்சு நிமிடத்துக்கு எட்டுக்குக் கீழே போனால் 1990 சுவசெரிய அம்புலன்சுக்கு உடனே அடியுங்கள். திடீரென்று சளி கூடி, காய்ச்சலோடு மூச்சு மோசமானால் வீட்டிலேயே மோர்பினைக் கூட்டாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அடிமையாகிவிடுவார் என்ற பயம்? இந்தச் சின்ன அளவில், டொக்டரின் கண்காணிப்பில் அது அரிது. ஆனால் பல வாரம் எடுத்தவர் சட்டென்று விடக் கூடாது, படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

எனக்கு ஆற்றாமை வேறு இடத்தில். நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் மோர்பின் கட்டுப்படுத்தப்பட்டிருப்பது சரியானதே. ஆனால் எழுதிக் கொடுத்த மருந்தை வாங்க, நாலு படி ஏற முடியாதவர் பஸ் மாறி மாறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் வருவது எப்படிச் சரியாகும்? ஒரு நாள் சம்பளமும் போய், மூச்சும் போய்த் திரும்புகிறார். அப்படிக் கொண்டுவந்த போத்தலில் அளவு சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதியிருந்தால், தமிழ் மட்டும் தெரிந்தவர் கரண்டியைத் தூக்காமல் வேறென்ன செய்வார்? தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழிதான்.

மருந்து கொடுக்கிறவர்களிடம் கேட்பது பெரிய விஷயமில்லை. சிரிஞ்சில் நிறுத்த வேண்டிய கோட்டின் மேல் பேனாவால் ஒரு வளையம் போடுங்கள். கிளினிக் கொப்பியில் தமிழில் இதை எழுதுங்கள்: "இந்தக் கோடு வரை. இத்தனை மணிக்கு. இரவில் மலமிளக்கி மறக்க வேண்டாம். எழுப்பி எழும்பாவிட்டால் 1990."