பெட்டியில் போட்டிருக்கும் வேகம் யாருக்குக் கிடைக்கிறது?

குறைந்த விலையில் வீட்டுக்கு ஒரு வைஃபை ரவுட்டர் வாங்க முனைகிறவரைக் குழப்புவதற்கென்றே அட்டைப்பெட்டியில் எண்களை அச்சிடுகிறார்கள். ஏசி1200 என்றால் என்ன? ரவுட்டர் பயன்படுத்தும் இரண்டு அலைவரிசைகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் 300 எம்பிபிஎஸ்ஸையும் (வினாடிக்கு இத்தனை மெகாபிட் என்னும் வேக அளவு) 5 கிகாஹெர்ட்ஸின் 867 எம்பிபிஎஸ்ஸையும் கூட்டி, வருகிற 1167-ஐ 1200 ஆக்கிய கணக்கு அது. இத்தகைய ரவுட்டரில் ஒரு கைப்பேசி ஒரு நேரத்தில் ஏதாவது ஓர் அலைவரிசையில்தான் இணையும் என்னும்போது, இந்தக் கூட்டுத்தொகை எந்தச் சாதனத்துக்குக் கிடைக்கப்போகிறது? அந்த 867-கூட ஏட்டளவு உச்சம்தான். நடுவில் சுவர் வந்தால் வெகுவாகக் குறைந்துவிடும்.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பின்பக்கத்தில் கம்பி செருகும் ஈதர்நெட் போர்ட்டுகளைப் பற்றிய விவரத்தைப் பொடி எழுத்தில் போடுவதைத்தான் என்னால் பொறுக்கவே முடியவில்லை. மலிவான ஏசி1200 ரவுட்டர்கள் சிலவற்றில் அவை 10/100 வகை, 100 எம்பிபிஎஸ்தான் அவற்றின் உச்சம். அதாவது, 300 எம்பிபிஎஸ் இணைப்புக்கு மாதாமாதம் பணம் கட்டினாலும், வெளியிலிருந்து வரும் கம்பியைச் செருகும் இடத்திலேயே வேகம் 100-க்குள் அடங்கிவிடும். எண்ணி எண்ணிச் செலவு செய்கிறவர்களிடம் இதை மறைப்பது அநியாயம் இல்லையா? நான்கு ஆன்டெனாக்களை மட்டும் முகப்பில் பெரிதாகப் படம் போட்டுக் காட்டத் தெரிகிறதே! பாதுகாப்புப் புதுப்பிப்புகள் எத்தனை ஆண்டுகளுக்கு வரும் என்று பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் அதைப் பற்றி ஒரு வரிகூடக் கண்ணில் படுவதில்லை.