பெட்டி வந்துவிட்டது, தண்ணீர் இருக்கிறதா?

ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன்பே செட்டிநாட்டுத் தெருக்களில் கூரியர் வண்டி சுற்ற ஆரம்பித்துவிடுகிறது. சென்னை, பெங்களூரு, சிங்கப்பூரில் இருக்கும் பிள்ளைகள் ஊரில் தனியாக இருக்கும் அப்பா அம்மாவுக்கு அவசரகாலச் சாமான் அனுப்புகிறார்கள். பவர் ஸ்டேஷன் என்று விற்கும் பெரிய பேட்டரிப் பெட்டி, சோலார் விளக்கு, தலையில் மாட்டும் டார்ச், சுற்றினால் சார்ஜ் ஏறும் ரேடியோ, இருபது முப்பது பொருள் அடங்கிய முதலுதவிப் பை. எல்லாம் அன்பினால் வருவதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பணம் கட்டி ஆர்டர் போட்டதுமே 'ஊரில் எல்லாம் ஏற்பாடு ஆகிவிட்டது' என்று ஒரு நிம்மதி வந்துவிடுகிறது பாருங்கள், எனக்குப் பயமே அந்த நிம்மதியைப் பார்த்துத்தான்.

பள்ளத்தூரில் எனக்குத் தெரிந்த ஒரு ஆச்சி இருக்கிறார். முகப்பு ஒரு தெருவில், கொல்லை வாசல் அடுத்த தெருவில் என்று நீளும் வீட்டில் ஆச்சியும் ஐயாவும் மட்டும். போன மழையில் ராத்திரி கரண்ட் போனதும் கூப்பிட்டார்கள், போனேன். அலமாரியில் மூன்று டார்ச். ஒன்றைத் திறந்தால் பேட்டரி கசிந்து வெள்ளையாகப் பூத்து, ஸ்பிரிங் துருவேறி ஒட்டிக் கிடக்கிறது. பவர் ஸ்டேஷன் தெர்மோகோலோடு பெட்டிக்குள்ளேயே இருக்கிறது, ஒருமுறைகூட சார்ஜில் போடவில்லை. நான் அதன் பொத்தான்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஆச்சி சொன்னார்: "வெளிச்சம் கிடக்கட்டும் தம்பி, விளக்கு ஏத்திக்கலாம். கொல்லைக்குப் போக ஒரு வாளித் தண்ணி இல்லையே."

மேலே டேங்க் காலி. மோட்டார் போட கரண்ட் இல்லை. கிணறு இருக்கிறது, கயிறு இல்லை.

நம் பக்கத்தில் மழை, புயல் என்றால் முதலில் போவது கரண்ட், அதோடு சேர்ந்து போவது தண்ணீர். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரை கடந்த கஜா புயல், புதுக்கோட்டை, சிவகங்கை, திண்டுக்கல் என்று உள்நாட்டுக்குள் புகுந்து போனது. ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன. ஆலங்குடி, கீரமங்கலம் பக்கத்துக் கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் கிடையாது. ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய், மணிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு டேங்க் நிரப்பிக் கொடுத்தார்கள். அந்த நாட்களில் ஜனங்கள் அலைந்தது குடத்தைத் தூக்கிக்கொண்டுதான்.

பேரிடர் முகாம்களுக்கான ஸ்பியர் கையேடு, குடிக்க, சமைக்க, கழுவ எல்லாம் சேர்த்து ஓர் ஆளுக்கு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்கிறது. அந்தக் கணக்கில் 1000 லிட்டர் டேங்க் ஒன்று நிறைந்திருந்தால், சிக்கனமாகப் புழங்கும் இரண்டு பேருக்கு ஒரு மாதம் வரும். மழை எச்சரிக்கை வந்த அன்று சாயங்காலம் மோட்டாரைப் போட்டு டேங்கை நிரப்பி வைப்பதற்குச் செலவு ஒன்றுமே இல்லை. ஞாபகம் ஒன்றுதான் வேண்டும். கூரியரில் அதை அனுப்ப முடியாது. நீங்கள்தான் போன் போட்டு ஞாபகப்படுத்த வேண்டும்.

கரண்ட் கணக்கையும் பார்த்துவிடுவோம். நம் வீடுகளில் பலவற்றில் ஏற்கெனவே இன்வெர்ட்டர் இருக்கிறது. 12 வோல்ட், 150 ஏஎச் (ஆம்பியர் மணி) பேட்டரி என்றால் 1800 வாட் மணி. பேட்டரி பழசு, பாதிதான் தேறும் என்று வைத்தாலும் 900. கரண்ட் குறைவாக இழுக்கும் புது வகை ஃபேன் ஒன்று 30 வாட், எல்இடி பல்பு இரண்டு 18 வாட். ஒரு ராத்திரி முழுக்கத் தாராளமாக ஓடும். அப்புறம் எதற்கு இன்னொரு பெட்டி? அந்த பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி எத்தனை மாதம் ஆயிற்று என்று கேளுங்கள். பல வீடுகளில் அது காய்ந்து கிடக்கும். லிட்டருக்குச் சில்லறைக் காசு ஆகிற தண்ணீரை ஊற்றாமல் விட்டுவிட்டு, பெரிய விலையில் புதுசு வாங்குகிறோம்.

"சாமான் சேர்ப்பது செட்டிநாட்டு ரத்தத்திலேயே இருக்கிறது" என்று சிலர் சொல்வார்கள். பெண்ணுக்குச் சீர் என்றால் எல்லாமே டஜன் கணக்கில் என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சாமான் அறையில் இருந்த கிடாரமும் அண்டாவும் தவலையும் சும்மா கிடக்கவில்லை. கல்யாணம், முன்னோருக்குப் படைக்கும் படைப்பு என்று வெளியே வரும். புளி போட்டுத் தேய்த்து, எண்ணிப் பார்த்து, கணக்கு நோட்டில் குறித்துத் திரும்ப உள்ளே போகும். எது எந்த அறையில் இருக்கிறது என்று வீட்டில் நாலு பேருக்காவது தெரிந்திருக்கும். மழை பெய்தால் வளவில், அதாவது வீட்டு நடு முற்றத்தில், இறங்கும் ஓட்டுத் தண்ணீரைப் பிடிப்பதும் அதே பாத்திரங்களில்தான். சேர்த்து வைத்ததில் தப்பில்லை. புழங்காமல் சேர்ப்பதுதான் இப்போது புதிதாக வந்திருக்கும் பழக்கம்.

ஒரு பொருளைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். சில முதலுதவிப் பைகளில் பாம்புக்கடிக்கு விஷத்தை உறிஞ்சும் பம்ப் என்று ஒன்று வைத்து விற்கிறார்கள். தயவுசெய்து அதை நம்பாதீர்கள். உறிஞ்சுவது, கீறுவது, இறுக்கிக் கட்டுவது எதையும் டாக்டர்கள் ஏற்பதில்லை. கடிபட்டவரை நடக்கவிடாமல், கை காலை அசைக்காமல் வைத்து 108க்குக் கூப்பிட்டு, விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போவதுதான் வழி. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான், பாம்பைத் தேடிப் பிடித்துக்கொண்டு போக வேண்டியதும் இல்லை. மழைக்குப் பிறகு கட்டுத்துறையிலும் விறகடியிலும் பாம்பு வந்து படுக்கும். கைப்பிடியில் நன்றாக அடங்குகிற, எரிகிற டார்ச் ஒன்று கொல்லைக் கதவுப் பக்கம் தொங்கினால் அந்த பம்பை விட ஆயிரம் மடங்கு மேல்.

வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நல்ல டார்ச் இரண்டு வாங்குங்கள், கொல்லைக் கதவில் தொங்குவது போக மற்றதில் பேட்டரியைக் கழற்றித் தனியாக வைக்கச் சொல்லுங்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரை பதினைந்து நாளைக்குக் கூடுதலாகக் கையிருப்பு இருக்கட்டும், தேதியைப் பார்த்துச் சுழற்றி எடுத்துக்கொள்ளட்டும். கிணற்றுக்குக் கயிறும் வாளியும் வாங்குங்கள். மிச்சப் பணத்தை வைத்து ஓடு மாற்றுங்கள். ஒழுகும் ஓட்டுக்குக் கீழே எத்தனை விளக்கு வைத்து என்ன?

இதையெல்லாம் விட முக்கியம், பக்கத்தில் ஓர் ஆள். அடுத்த வீட்டில் யார் இருக்கிறார்கள், சாவி இன்னொன்று யாரிடம் இருக்கிறது, ராத்திரி 2 மணிக்குக் கார் எடுக்கும் டிரைவர் யார்? அவர்கள் நம்பர், 108, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் 1077 எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். செல்போனுக்குள் இருக்கும் நம்பர், சார்ஜ் போனால் போச்சு.

தீபாவளிக்கு ஊருக்கு வருபவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஒரு ராத்திரி மெயினை அணைத்துவிட்டு அப்பா அம்மாவோடு இருந்து பாருங்கள். பாத்ரூம் போக, மாத்திரை தேட, தண்ணீர் எடுக்க அவர்களுக்கு எங்கே தட்டுகிறது என்று விடிவதற்குள் தெரிந்துவிடும். வாங்க வேண்டியதை மறுநாள் காரைக்குடிக் கடைத்தெருவிலேயே வாங்கிவிடலாம்.

கானாடுகாத்தான், கோனாபட்டு, ராயவரம் பக்கம் இருப்பவர்கள் உங்கள் தெருவில் கயிறும் வாளியுமாகப் புழக்கத்தில் இருக்கும் கிணறு எது, வேலை செய்யும் அடிகுழாய் எது என்று கீழே சொல்லுங்கள். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் குறித்துக்கொள்ளட்டும்.